ஸ்பீக்கருக்குப் பின்னால் நாலு தகடு

உட்காருங்கள் தம்பி, இப்படி ஃபேனுக்குக் கீழே. மாப்பிள்ளை வந்துவிடுவார். அட்டைப்பெட்டி எடுக்கப் போயிருக்கிறார். ஸ்பீக்கர் வாங்கினபோது வந்த பெட்டியைத் தெர்மாகோலோடு ஆபீஸ் ஸ்டோர் ரூமில் பத்திரப்படுத்தி வைத்திருந்தாராம். விற்றாலும் பெட்டியோடுதான் விற்பேன் என்கிற மனுஷன். போனில் பேசியிருப்பீர்களே, நெடுஞ்செழியன், அவர்தான். நான் அவருக்கு மாமனார். பெண் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற கிழவன் என்று வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

துறையூரிலிருந்தா வருகிறீர்கள்? பஸ்ஸிலா? பார்க்கத்தான் இதுகள் புத்தக அலமாரியில் அடங்குகிற சைஸ், தூக்கினால் இடுப்பு கேட்கும். மடியில் வைத்துக்கொண்டு போகிற சாமான் இல்லை.

அடடா, பின்பக்கம் போகாதீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள் தம்பி. வாங்க வந்தவர் முன்னே பின்னே பார்க்கத்தான் செய்வார், மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்காமலா? ஆனால் இப்போதைக்குப் பின்பக்கம் மட்டும் வேண்டாம். உட்காருங்கள். மாப்பிள்ளை வருவதற்குள் உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த ஸ்பீக்கரில் ஒரு குறையும் இல்லை. குறை இருப்பது வேறு இடத்தில்.

நான் லால்குடியில் ஒரு டூரிங் டாக்கீஸில் இருந்தவன். அந்தக் கொட்டகை சவுண்டு என் கையில். இப்போது இவர்கள் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு சவுண்டு சவுண்டு என்கிறார்களே, அன்றைக்கு நான் குமிழை ஒரு சுற்று சுற்றினால் வெளியே தென்னந்தோப்பில் தேங்காய் விழும். நிஜமாக. சண்டைக் காட்சி வந்தால் தோப்புக்காரர் கூடையோடு வந்து நிற்பார், ஏறுகூலி மிச்சம் என்று. ஒரு தடவை மழைச் சத்தத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன். பெஞ்சுக்காரர்கள் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்கு ஓடிவிட்டார்கள், காயப்போட்ட நெல்லை அள்ள.

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் சொன்னேன். வம்பே அங்கேதான் இருக்கிறது. இந்த வீட்டில் நான் எதைச் சொன்னாலும் சிரித்துவிடுகிறார்கள். 'மாமா கதை' என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

இப்போது நான் சொல்லப்போவது கதை இல்லை.

மாப்பிள்ளைக்கு ஒரு சிநேகிதர், இருதயராஜ். பாங்கில் வேலை. காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தர் சாமியே இல்லை என்பார், இன்னொருத்தர் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை தவறமாட்டார். இரண்டு பேருக்கும் பொதுவான சாமி இந்த ஸ்பீக்கர் பெட்டிதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் இருதயராஜ் வந்துவிடுவார். அந்த சோபாவில் ஒருத்தர், இந்த நாற்காலியில் ஒருத்தர். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டு, 'இப்போ தபலா கேக்குதா, இப்போ கேக்குதா' என்று கேட்டுக்கொள்வார்கள். எனக்கு எல்லா முறையும் ஒரே தபலாதான். தலைவலி என்று சொல்லி அறைக்குப் போய்விடுவேன். அப்போதெல்லாம் இதுகள் ஒரு நாள் வாயை மூடாதா என்று நினைத்திருக்கிறேன். அதுவும் பாவம்தான், எழுதிக்கொள்ளட்டும்.

ஆடி மாசம் இருதயராஜ் ஒரு யோசனையோடு வந்தார். ஸ்பீக்கருக்குச் சத்தத்தை அனுப்புகிற இந்த ரிசீவரில் ஏழு வழி இருக்கிறது. உன்னிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். பின்னால் வைக்கிற ஸ்பீக்கருக்கான வழி சும்மாதானே கிடக்கிறது, அதையும் இதிலேயே கொடுப்போம் என்றார். ஒரே பெட்டிக்கு இரண்டு ஆம்ப்ளிஃபையர், பை-ஆம்ப் என்று அதற்குப் பெயர். உங்களுக்குத் தெரிந்திருக்கும். இல்லையா? சரி, நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஸ்பீக்கருக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். மேலே சின்ன வட்டம், கீச்சுக்குரல்காரன். கீழே பெரிய வட்டம், கட்டைக்குரல்காரன். பின்னால் மேலே இரண்டு திருகு, கீழே இரண்டு திருகு. மேலுக்கும் கீழுக்கும் பாலமாகச் சின்னச் சின்னத் தகடு, தங்கமுலாம் பூசினது. ஒரு பெட்டிக்கு இரண்டு, ஆக நாலு தகடு. சாதாரணமாக ஒரே ஜோடி வயர் வந்து, தகடு வழியாக இரண்டு பேருக்கும் பங்கு போகும். இருதயராஜ் தகட்டைக் கழற்றிவிட்டு ஆளுக்கொரு ஜோடி வயர் கொடுத்தார்.

இதை அவர் இங்கிலீஷில்தான் சொன்னார். நான் கொட்டகைக் கணக்கில் புரிந்துகொண்டேன். பெஞ்சு டிக்கெட்டுக்கு ஒரு கவுண்டர், நாற்காலி டிக்கெட்டுக்கு ஒரு கவுண்டர், நடுவே தட்டி. அந்தத் தட்டியில் இருக்கிற கதவுதான் தகடு. ஒரே கவுண்டர் வேலை செய்யும்போது கதவு திறந்திருக்க வேண்டும். இரண்டும் வேலை செய்யும்போது மூடியே ஆக வேண்டும். திறந்து கிடந்தால் இந்தப் பக்கத்துக் கூட்டமும் அந்தப் பக்கத்துக் கூட்டமும் மோதி, கவுண்டர்க்காரன் நசுங்குவான்.

மாப்பிள்ளை ஒரு சந்தேகம் கேட்டார். ரிசீவர் முதுகில் ஆறு ஓமுக்குக் குறையாமல் மாட்டு என்று போட்டிருக்கிறது, ஸ்பீக்கர் நாலு ஓம் ஆச்சே என்று. ஓம் என்றால் வேறொன்றுமில்லை தம்பி, வாசல். ஓம் கூடினால் வாசல் குறுகல், கரெண்டு வரிசையில் போகும். ஓம் குறைந்தால் வாசல் அகலம், திமுதிமுவென்று இறங்கும், அனுப்புகிறவனுக்கு மூச்சு வாங்கும். இருதயராஜ் நிதானமாகச் சொன்னார்: ஹாலில் கேட்கிற சத்தத்துக்கு நாலு ஓம் ஒன்றும் செய்யாது, திருவிழா மாதிரி அலறவிடாதே. தகடு கழன்றிருக்கிறவரை ரிசீவருக்குப் புதுச்சுமை எதுவும் கிடையாது. அவனவன் கவுண்டரில் அவனவன் கூட்டம்தான். வயருக்குச் சிவப்பு டேப், பச்சை டேப் ஒட்டி, கழற்றின நாலு தகட்டையும் ஒரு பாலிதீன் கவரில் போட்டு அலமாரிக்குப் பின்னால் ஒட்டி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நான் பக்கத்தில் நின்று, வாசல் அகலம் ஜாக்கிரதை என்று ஒரு வார்த்தை போட்டேன். சும்மா, நமக்கும் தெரியும் என்று காட்டிக்கொள்ள. அந்த ஒரு வார்த்தை பின்னால் என்ன பாடு படுத்தியது பாருங்கள்.

ஆயுதபூஜை வந்தது. மாப்பிள்ளைக்குப் பூஜையில் நம்பிக்கை இல்லை. என் பெண் அரசிக்கு உண்டு. மிக்ஸி, கிரைண்டர், ஸ்கூட்டர், லேப்டாப் எல்லாம் துடைத்துப் பொட்டு வைக்க வேண்டும். அப்பா, நீங்கள் ஹாலைப் பாருங்கள் என்றாள். பார்த்தேன். இந்த ஸ்பீக்கரை நகர்த்தி முதுகைத் துடைத்தேன். துடைக்கும்போது பார்க்கிறேன், திருகுக்கும் திருகுக்கும் நடுவே வெறிச்சென்று இருக்கிறது. தோடு கழற்றின காது மாதிரி. மூளியாக. அலமாரியின் பின்னால் கவரில் தங்கமுலாம் பூசின தகடு சும்மா தூங்குகிறது.

நீங்களே சொல்லுங்கள். ஒரு நல்ல நாளில், வீட்டுச் சாமானை மூளியாக வைத்தா பொட்டு வைப்பார்கள்?

தெரியும் தம்பி. கவுண்டர், தட்டி, கதவு எல்லாம் தெரியும். இப்போதுதானே உங்களிடம் அழகாகச் சொன்னேன். ஆனால் அந்த நிமிஷம் கை வேறு, தலை வேறு. பூஜைக்கு மட்டும் இருக்கட்டும், நாளைக்குக் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன். நாலு தகட்டையும் புளி போட்டுத் தேய்த்தேன். கண்ணைப் பறித்தது. திருகைத் தளர்த்தி ஒவ்வொன்றாகச் சொருகி முடுக்கினேன். மேலே சந்தனம், குங்குமம், ஒரு துளி பூ. பொரிகடலை தின்றுவிட்டுப் படுத்துவிட்டேன்.

விஜயதசமி காலையில் மறந்துபோனேன். மறந்தேனா? மறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அரசி எல்லாச் சாமானையும் ஒரு தடவை ஓட்ட வேண்டும் என்றாள். மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டே வந்து ரிசீவரைப் போட்டுச் சத்தத்தைத் தூக்கினார். அரை பாட்டு. 'டக்'. கருகின வாடை. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, ஆஸ்பத்திரி வாசல் மாதிரி.

அவர் என் முகத்தைப் பார்த்து, என்ன மாமா ஆச்சு என்றார். கொட்டகைக்காரன் அல்லவா, என்னைக் கேட்கிறார். அங்கே நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சின்ன வாக்கியம். அதற்குப் பதிலாக என் வாயில் இது வந்தது: "நான்தான் அன்னைக்கே சொன்னேனே மாப்பிள்ளை. நாலு ஓம் பெட்டியில ரெண்டு ஆம்ப் கட்டினா ஓம் பாதியாயிடும். ரெண்டு ஓம். செட்டையே குடிச்சிடும். லால்குடியில இப்படித்தான் ஒரு மெஷின் போச்சு."

லால்குடியில் எந்த மெஷினும் போகவில்லை தம்பி. போயிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. நான் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவன். ஆபரேட்டர் ரூமுக்கு டீ கொண்டுபோனால் உண்டு. அது கிடக்கட்டும், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மாப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. ஹாலில் சிக்னல் கிடைக்காது, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அவர் முதுகு தெரிந்தது. எனக்குக் கை பரபரத்தது. குனிந்து, எட்டுத் திருகையும் தளர்த்தி, நாலு தகட்டையும் உருவி, கவரில் போட்டுப் பழைய இடத்தில் ஒட்டினேன். இந்த வயசில் அவ்வளவு வேகம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பால்கனியில் பேச்சு தடித்தது. உன் யோசனையைக் கேட்டு என் செட்டுப் போச்சு, எங்கள் மாமா அன்றைக்கே எச்சரித்தார், உனக்கு எல்லாம் தெரிந்த திமிர் என்றெல்லாம் மாப்பிள்ளை சொல்கிறார். மாமா, மாமா என்று என் பேரை இழுக்கிறார். அந்தப் பக்கம் இருதயராஜ் ஒன்றே ஒன்றுதான் கேட்டார் போல. மாப்பிள்ளை உள்ளே வந்து, ஸ்பீக்கர் முதுகைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், போனில் சொன்னார்:

"தகடு கழட்டித்தான்டா இருக்கு. இன்னும் என்ன?"

 அந்தப் பக்கம் இருதயராஜ் போனை வைத்துவிட்டார். மனுஷன் என்ன சொல்லுவார்? தன் கணக்கே தப்பு என்று தானே நம்பியிருப்பார், பாவம்.

அதோடு பேச்சு நின்றது. இருதயராஜ் பையனுக்குப் புதுநன்மை வந்தது, கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிற விசேஷம். இந்த வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அரசி, பையனுக்கு எடுத்த சட்டையைப் பீரோவிலேயே வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை காதில் ஒரு குச்சியை மாட்டிக்கொண்டு போனில் எதையோ கேட்கிறார். தலையும் ஆடுவதில்லை, காலும் ஆடுவதில்லை. எனக்குத் தலைவலி இல்லை. ஆனாலும் அறைக்குப் போய்விடுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்களா? அங்கேதான் நீங்கள் என்னைத் தப்பாக எடைபோடுகிறீர்கள். சொன்னேன். புதுநன்மை முடிந்த அந்த வாரமே, சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன். மாப்பிள்ளை, தகட்டை மாட்டினது நான், கழற்றி ஒளித்ததும் நான், இருதயராஜ் மேல் ஒரு தப்பும் இல்லை என்று. அப்படியே, ஒரு எழுத்துக் கூட்டாமல்.

மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். செட்டுப் போனதிலிருந்து அன்றைக்குத்தான் சிரிக்கிறார்.

"மாமா, எங்க ரெண்டு பேரையும் சேத்து வைக்க நீங்க பழிய ஏத்துக்க வேண்டாம். உங்க மனசு எனக்குத் தெரியும்" என்றார்.

நான் சத்தியம் செய்தேன். அதற்கும் சிரித்தார். தகட்டைக் கொண்டுவந்து, புளி போட்டுத் தேய்த்த பளபளப்பைப் பாருங்கள் என்று காட்டினேன். இதையும் இப்போதுதானே தேய்த்தீர்கள் என்றார். அரசிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவுக்கு இவ்வளவு நல்ல குணமா என்று. எனக்கு ஒரு அப்பளம் அதிகமாக வைத்தாள். அந்த அப்பளத்தை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்கும் அந்த அப்பளத்துக்கும்தான் தெரியும்.

இருதயராஜுக்கும் போன் போட்டேன். "விடுங்கப்பா, பெரியவங்க நீங்க இப்படியெல்லாம் சொல்லலாமா" என்றார். அவரும் நம்பவில்லை. லால்குடியில் தேங்காய் விழுந்ததை அவரிடம் நானேதான் சொல்லியிருக்கிறேன்.

பாருங்கள் தம்பி. ஓம் பாதியாகும் என்று நான் அவிழ்த்துவிட்ட புளுகு, அதை அப்படியே நம்பினார்கள். கடையில் சர்வீஸ்காரரிடம் மாப்பிள்ளை என் வாக்கியத்தையே ஒப்பித்திருக்கிறார். அவர் தலையை ஆட்டிவிட்டு, நாலு ஓம் இந்த ரிசீவருக்கு ஆகாது சார், ஸ்பீக்கரை மாற்றிவிடுங்கள் என்றாராம். அதனால்தான் நீங்கள் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ரிசீவர் சரியாகி வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அலமாரியில் வைத்ததோடு சரி, ஒரு வயர் மாட்டவில்லை. நீங்கள் வந்ததும் தகட்டைப் போட்டு, ஒரே ஜோடி வயரில் பாடவைத்துக் காட்டி, பெட்டியில் கட்டி அனுப்பிவிடுவது அவர் திட்டம். இதுகள் போய்விட்டால் இருதயராஜ் இந்த வீட்டுப் படியேற ஒரு காரணமும் இருக்காது.

அதனால் இன்றைக்கு ஒரு வேலை செய்தேன். மாப்பிள்ளை பெட்டி எடுக்கக் கிளம்பின உடனே, நாலு ஜோடி வயரையும் இருதயராஜ் மாட்டினபடியே மாட்டினேன். சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை. தகடு கிடையாது. இதோ என் சட்டைப் பையில். ரிசீவருக்குள் அவர் வைத்த அமைப்பை மாற்றவில்லை என்று சர்வீஸ் சீட்டிலேயே எழுதியிருக்கிறது, பார்த்துவிட்டேன். பின்னால் போகாதீர்கள் என்று சொன்னது இதற்குத்தான். வயர் அசைந்துவிடக் கூடாது.

இப்போது ரிசீவரைப் போட்டால் என்ன ஆகும்? நன்றாகப் பாடினால் இருதயராஜ் கட்டினது சரி. அப்போது மாப்பிள்ளைக்கு ஒரு கேள்வி வரும், பின்னே அன்றைக்கு எது எரித்தது என்று. அந்தக் கேள்வி வந்துவிட்டால் என் பேச்சு எடுபடும். நீங்கள் சாட்சி. துறையூர்க்காரர், எனக்கு வேண்டியவரும் இல்லை, வேண்டாதவரும் இல்லை. நீங்கள் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

ஆனால் நான் இன்னும் பட்டனை அமுக்கவில்லை.

ஏனென்றால்... சொல்லிவிடுகிறேன். அந்தப் புளுகை எத்தனை பேரிடம் சொன்னேனோ. பக்கத்து வீட்டில், லிஃப்டில், முடிவெட்டுகிற கடையில். சொல்லிச் சொல்லி, இப்போது எனக்கே ஒரு சந்தேகம். ஒருவேளை ஓம் பாதியாகத்தான் ஆகுமோ? தகடு இல்லாமலேயே அன்றைக்கு அது எரிந்திருக்குமோ? நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் விரலைப் பட்டன் மேல் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது என் மனசு என்ன வேண்டிக்கொண்டது தெரியுமா தம்பி? 'டக்' என்று போகட்டும் என்று. செட்டு மறுபடியும் எரியட்டும், மாப்பிள்ளைக்கு மறுபடியும் செலவாகட்டும், இருதயராஜ் ஜன்மத்துக்கும் இந்தப் பக்கம் வராமல் போகட்டும், நான் மட்டும் குற்றமில்லாதவன் ஆகிவிட வேண்டும் என்று. விரலை எடுத்துவிட்டேன். அந்த மனசோடு அமுக்கினால் நன்றாயிருக்கிற சாமானும் எரிந்துபோகும்.

நீங்கள் அமுக்குங்கள். உங்களுக்கு இதில் ஒரு வேண்டுதலும் இல்லை. எரிந்தால் நான் அமுக்கினேன் என்று சொல்லிக்கொள்கிறேன், அந்த ஒரு பொய்யை மட்டும் எனக்கு விடுங்கள். கீழே கார் கதவுச் சத்தம் கேட்டது, அவர்தான், லிஃப்டுக்கு வருவதற்குள். அந்த வட்டப் பட்டன். ஆமாம். அமுக்குங்கள்.

'டக்' என்றதே.

போச்சு. நான் சொன்னேன் இல்லையா, நாலு ஓம்... என்ன? எப்போது போட்டாலும் அப்படி ஒரு சத்தம் வருமா? உள்ளே ரிலே என்கிற சுவிட்ச் பிடிக்கிற சத்தமா? சிவப்பு விளக்கு மினுக்கவில்லையா? நீல விளக்குதானா? நன்றாகப் பாருங்கள். எனக்குக் கண் மறைக்கிறது.

எஃப்.எம்மா? பாட்டுக்கூட இல்லை, ஏதோ ஜவுளிக்கடை விளம்பரம். சத்தத்தைத் தூக்குங்கள். இன்னும். மாப்பிள்ளை அன்றைக்கு வைத்த அளவுக்கு. இந்தப் பெட்டியில் காது வைத்துப் பாருங்கள். கீச்சுக்குரல் இருக்கிறதா? கட்டைக்குரல்? அந்தப் பெட்டியில்? இரண்டும் பேசுகிறதா? வாடை ஏதாவது வருகிறதா? மேல் பக்கம் தொட்டுப் பாருங்கள், சுடுகிறதா?

இல்லை.

அப்போது நான்தான் தம்பி. சந்தேகமே இல்லை. நான்தான்.

உங்களுக்கு ஸ்பீக்கர் இல்லை, தெரிகிறதா? துறையூரிலிருந்து வந்த மனுஷனை வெறுங்கையோடு அனுப்புகிறேன், அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். லிஃப்டு நின்றுவிட்டது. சத்தம் வெளியே கேட்டிருக்கும், அதுதான் மணி அடிக்காமல் நிற்கிறார். குறைக்காதீர்கள். நீங்களே போய்க் கதவைத் திறங்கள், நான் திறந்தால் மறுபடியும் 'மாமா கதை' ஆகிவிடும். முதலில் நீங்கள் சொல்லுங்கள். அவர் நம்பின பிறகு நான் சொல்கிறேன்.